போஸ் என்று நினைத்துவிட்டார்கள்

கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் எனக்கு ஐம்பது வயதுக்கு மேல் கோல்ஃப் ஆசை வந்தது. மட்டையை ஓங்கும்போதெல்லாம் தலை ஆடுவதால்தான் பந்து கோணலாகப் போகிறது என்றார் பயிற்சியாளர். அதைப் பார்த்துவிடலாம் என்று மாமல்லபுரம் கடற்கரையில் ஸ்டாண்டில் போனை நிறுத்தி, என்னையே வீடியோ எடுத்தேன்.

முதல்முறை ஓங்கியதுமே முதுகு பிடித்துக்கொண்டது. மட்டை தோளுக்கு மேலே நின்றது. உடம்பு முறுக்கியது முறுக்கியபடியே இருந்தது. மூச்சு விட்டாலே உயிர் போனது. கூப்பிடக் குரல் எழவில்லை. நடந்து வந்தவர்களோ, போனைப் பார்த்ததும் படத்தில் விழாமல் மரியாதையாக ஒதுங்கிப் போனார்கள். வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குவதுபோல ஊரே போஸ் கொடுக்கும் இடமாயிற்றே!

கடைசியில், வலை சுமந்து வந்த மீனவர் ஒருவர் நின்றார்.

"இன்னா அண்ணாத்த, எம்மா நேரமா போஸ் குடுத்துகினு கீற?"

"முதுகு..." என்றேன். கண்ணீரைப் பார்த்தவர் வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து தாங்கிக்கொண்டார்.

பயிற்சியாளர் வீடியோவைப் பார்த்துவிட்டு, "இதுலதான் சார் உங்க தலை ஆடவே இல்ல" என்றார்.

இப்போதெல்லாம் உடம்பை வளைத்துப் பழக்காமல் மட்டையைத் தொடுவதில்லை. வீடியோ எடுப்பதும் மனைவிதான். நான் அசையாமல் நின்றால் ஓடி வரச் சொல்லியிருக்கிறேன். நேற்று பந்தைக் குறிபார்த்துக் கொஞ்சம் நின்றேன். போனைக் கீழே போட்டுவிட்டு வந்து கட்டிப்பிடித்துவிட்டாள்.