சாவி கேட்டுப் போன வீடு

தாமோதரன் இறந்த செய்தி, காலையில் நான் ரேணிகுண்டாவில் ரயிலைவிட்டு இறங்கும்போது வந்தது. அவருடைய மைத்துனர்தான் பேசினார். திருப்பதி ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், விடியற்காலையில் மூச்சு நின்றுவிட்டதாம். ஐயோ என்றேன். அதற்கடுத்து என் வாயிலிருந்து வந்தது, "அவரு லேப்டாப் எங்க இருக்குது?" என்ற கேள்வி. இந்த அஞ்சலிக் குறிப்பைப் படிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்து எழுத எனக்குக் கை வரவில்லை.

நானும் அவரும் ஒரே மேசையின் இரு பக்கங்களில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். பால் குளிரூட்டும் நிலையங்களில் எங்கள் கம்பெனியின் சின்னக் கருவிகள் இருக்கின்றன. பாலின் வெப்பநிலையை அவை இணையம் வழியாகக் கிளவுடுக்கு, அதாவது எங்கோ தொலைவில் இருக்கும் கணினிக்கு, அனுப்பும். அனுப்புவது நம் கருவிதான் என்று கிளவுட் நம்ப வேண்டும். அதற்காகத் தாமோதரன் சி என்ற நிரல்மொழியில் ஒரு லைப்ரரி, அதாவது கருவிகள் எல்லாம் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு, எழுதினார். ஒவ்வொரு கோரிக்கையையும் ஒழுங்காக அடுக்கி, நேரத்தையும் சேர்த்து, ரகசியச் சாவி என்னும் நீண்ட எழுத்துச் சரத்தைக் கொண்டு அது ஒரு கையெழுத்தைக் கணக்கிடும். அந்தப் பக்கமும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். ஓர் இடைவெளி கூடினாலும் கையெழுத்து பொருந்தாது. "சாவி ஊட்லயே இருக்கணும்பா, வெளிய போறது கையெழுத்து மட்டும்தான்" என்பார்.

சித்தூர்ப் பக்கம் ஒரு நிலையத்திலிருந்து போன கோரிக்கைகள் எல்லாம் ஒருமுறை திரும்பி வந்தன. நான் வழக்கம்போல அவருடைய நிரலைக் குறை சொன்னேன். அவர் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தார். பால் கொண்டுவருபவர்கள் தாமதிக்கக் கூடாதென்று, அந்த நிலையத்துப் பொறுப்பாளர் சுவர்க் கடிகாரத்தோடு எங்கள் கருவியின் நேரத்தையும் அரை மணி முன்னே தள்ளி வைத்திருந்தார். நேரம் அவ்வளவு தப்பினால் கிளவுட் கையெழுத்தை ஏற்காது. நானாக இருந்தால் அந்த மனிதரைப் பிடித்துக் கத்தியிருப்பேன். தாமோதரன் கையெழுத்துக்கு மட்டும் சரியான நேரத்தை இணையத்திலிருந்து எடுக்கும்படி லைப்ரரியை மாற்றிவிட்டு, திரையில் தெரிந்த நேரத்தை அப்படியே விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். "அவங்க கடியாரம் அவங்க பொழப்புக்கு ஓடிக்கினு இருக்குது. அத ஏன் தொடணும்?" என்றார்.

ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தின நாள், கம்பெனிக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்கு என்னை அழைத்துப்போனார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரோடு பேச உட்கார்ந்தாலும் தன் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அன்றும் வைத்தார். நான் என் போனில் ஏதோ வீடியோவைத் தள்ளிக்கொண்டே உம் கொட்டினேன். நெடுநேரம் பொறுமையாகப் பேசினார். "புரிஞ்சிதாபா?" என்று கேட்டதற்குப் புரிந்தது என்றேன்.

லைப்ரரியின் புதிய பதிப்பை அந்த வாரமே கொடுக்க வேண்டும். சோதித்துப் பார்க்கச் சாவி வேண்டும், சாவி அவர் லேப்டாப்பில் இருந்தது. பதிப்பைக் கொடுக்காவிட்டால் என் வேலைக்கே ஆபத்து. அந்தப் பயத்தோடுதான் நாராயணவனத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். உடல் கூடத்தில் கிடந்தது. மாலையைப் போட்டுவிட்டு, மைத்துனரைத் தனியே அழைத்து லேப்டாப்பையும் பாஸ்வேர்டையும் கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். ஆனாலும் தாமோதரனின் மனைவியின் காதில் விழுந்துவிட்டது. அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எல்லாம் உங்க கைல சொல்லிட்டேன்னு சொன்னாரேண்ணா. இனிமே யாரும் சாவி கேட்டுக்கினு ஊட்டுக்கு வரமாட்டாங்க, கவலையில்லன்னு சொல்லிட்டுத்தான ஆஸ்பத்திரிக்குப் போனாரு."

அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் டீக்கடைப் பேச்சு துண்டு துண்டாக ஞாபகம் வந்தது. பழைய சாவியைத் தேட வேண்டாம், அதை ரத்து செய்துவிட்டுக் கிளவுடிலேயே புதிது எடுத்துக்கொள், அதற்கு உனக்கு அனுமதி வாங்கி வைத்திருக்கிறேன் என்றுதான் அவ்வளவு நேரமும் சொல்லியிருக்கிறார். மறுநாள் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அந்த வீட்டில் எனக்குத் தேவையான பொருள் எதுவுமே இருக்கவில்லை. அங்கே நான் அழ மட்டும்தான் போயிருக்க வேண்டும்.

காரியத்தன்று மறுபடியும் போனேன். வேலை நல்லபடியாக முடிந்ததா என்று அவர் மனைவிதான் கேட்டார். அவர் சொல்லிக்கொடுத்தபடியே முடிந்தது என்றேன். அந்த அம்மாளின் முகம் சற்றுத் தெளிந்தது. எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

தாமோதரனின் லைப்ரரி எல்லா நிலையங்களிலும் ஓடுகிறது, அது கம்பெனிக்கு. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அவருடைய பழக்கம் ஒன்றைத்தான். எதிரில் ஒருவர் பேச உட்கார்ந்தால் இப்போது போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். யார் யாருக்கோ வைக்கிறேன். அவருக்கு ஒருமுறைகூட வைத்ததில்லை.