கொல்லிமலைக்குப் போன சக்கரம்

குத்தாலம் கடைவீதியில் குழந்தைராஜின் சைக்கிள் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், முப்பது வருடமாக ரிம்முக்குக் கோட்டம் எடுக்கிறார். சக்கரத்தைச் சுழலவிட்டுப் பார்க்கும்போது நூலளவு ஆட்டம் தெரிந்தாலும் போதும், மறுபடி முதல் ஸ்போக்கிலிருந்து தொடங்குவார். அவசரப்படுகிறவர்களிடம், "வேற கடைக்குப் போங்க" என்பார். யாரும் போனதில்லை.

அந்தக் கைத்திறனை விட அவருக்குப் பெரிய பெருமை, தங்கை அருள்ஜோதி. பதினாறு வயது இளையவள். பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியை. மலைப்பாதை சைக்கிள் பந்தயங்களுக்குப் போகிறவள். குத்தாலத்தில் ஏது மலை? வயலை விட்டால் காவிரிக் கரைதான் மேடு. அதில் ஏறி இறங்கியே மாநில அணித் தேர்வு வரைக்கும் வந்துவிட்டாள்.

தேர்வுக்கு ஒரு மாதம் முன்னால் பயிற்சியாளர் மங்களாம்பிகை இரண்டு ஜோடி சக்கரங்களைக் கொடுத்தனுப்பினார். இரண்டும் டியூப்லெஸ். உள்ளே டியூப் இல்லை. பால்போல ஒரு திரவத்தை ஊற்றி வைத்தால், முள் குத்தினாலும் அதுவே ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஒரு ஜோடி அலுமினியம், கனமானது. மற்றது கார்பன். பயிற்சியாளருக்கு அலுமினியத்தின் மேல்தான் நம்பிக்கை. அருள்ஜோதிக்குக் கார்பன் மேல் ஆசை.

குழந்தைராஜ் பக்கத்து மளிகைக்கடைத் தராசில் இரண்டையும் எடை போட்டார். நானூறு கிராம் வித்தியாசம். கார்பன் சக்கரத்தைச் சுழலவிட்டார், தட்டிப் பார்த்தார், ஸ்போக்குகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். பிறகு பயிற்சியாளரைப் போனில் அழைத்தார்.

"லேசானதே இருக்கட்டும் மேடம். நான் பொறுப்பு."

அன்றிலிருந்து கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. சைக்கிளில் தவிட்டு மூட்டை ஏற்றும் செல்லதுரை ஒற்றை விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு, "என்ன ராஜு, அப்பளமா இது?" என்றார்.

சைக்கிளைப் பார்த்துக்கொள்ளக் குழந்தைராஜும் கூடப் போனார். கொல்லிமலையில் முதல் நாள் தகுதிச் சுற்று. அதில் எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் மறுநாள் யார் முதல் வரிசை, யார் கடைசி வரிசை என்பது. அருள்ஜோதி எண் அட்டை வாங்கப் புறப்படும்போது சொன்னாள்: "அண்ணே, காத்து முன்னால இருபது பாயிண்ட், பின்னால இருபத்திரண்டு. அதுக்கு மேல வேணாம்."

அவர் இருபத்திரண்டு அடித்துவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தினார். உள்ளே போனது. முப்பது வருடத்தில் விரலுக்கு அமுங்கும் டயரோடு ஒரு வண்டியையும் அவர் கடையிலிருந்து அனுப்பியதில்லை. ரிம்மில் முப்பத்திரண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அச்சடித்திருந்தது. கம்பெனிக்காரன் குறைத்துத்தான் எழுதுவான். அவன் எழுதியபடி அடித்தால் செல்லதுரையின் மூட்டை நகருமா? ஐம்பது அடித்தார். டயர் கல் மாதிரி நின்றது. திரும்பி வந்தவளிடம் அதைச் சொல்லவில்லை.

பாறைச் சரிவில் பின்டயர் வெடிச்சத்தத்தோடு ரிம்மை விட்டுக் கழன்றது. அருள்ஜோதி சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துதான் வந்து சேர்ந்தாள். முழங்கை தேய்ந்திருந்தது. முதுகெல்லாம் வெள்ளைத் திரவம்.

"தப்பு என்னுதுதான் மேடம்" என்றாள். "நீங்க சொன்னதையே எடுத்திருக்கணும்."

மங்களாம்பிகை குழந்தைராஜைப் பார்த்தார். "பொறுப்புன்னு சொன்னீங்களே சார்?"

நாளைக்கு அலுமினியத்தை மாட்டச் சொன்னார். குழந்தைராஜ் சரி என்று தலையாட்டினார். கழற்றிய கார்பன் ரிம்மை விளிம்பு முழுக்கத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. குற்றமே செய்யாத சக்கரம். அதை ஒதுக்கி வைத்துவிட்டுக் கனத்ததை மாட்டுகிறோம். தங்கை தன்னையே நொந்துகொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள்.

எழுந்து போய் அவள் முன்னால் நின்றார். "ஜோதி, நான் ஐம்பது அடிச்சேன்."

அவள் நிமிர்ந்தாள். "சொன்னேன்ல?"

"சொன்ன."

"அப்புறம் ஏண்ணே?"

"உனக்கு என்ன தெரியும்னு நெனச்சுட்டேன்."

அவள் கத்தியிருக்கலாம். எழுந்து பயிற்சியாளரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். கார்பன் சக்கரம் மறுபடி ஏறியது. காற்றை அவளே அடித்தாள்; அவர் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் கடைசி வரிசையிலிருந்து புறப்பட்டு ஒவ்வொருவராக முந்தி ஆறாவதாக வந்தாள். அணிக்கு எடுத்தது நான்கு பேரை.

ஊர் திரும்பிய அன்று காலை செல்லதுரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். "தங்கச்சிக்கு எடம் கெடைச்சுதா?"

"கெடைக்கல. நான் காத்த அதிகமா அடிச்சுட்டேன்."

"காத்து அதிகமானா ஒரு குத்தமா? கொறஞ்சாதானய்யா குத்தம்! எவனோ கண்ணு வெச்சுட்டான்."

கடையில் நின்ற இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். அதோடு விட்டிருந்தால் பேச்சு முடிந்திருக்கும்.

"இல்ல செல்லதுரை" என்றார் குழந்தைராஜ். "எவ்வளவுன்னு அவ சொல்லிட்டுத்தான் போனா. தெரிஞ்சேதான் அடிச்சேன்."

எப்போதும் குழந்தைராஜையே காற்று அடிக்கச் சொல்லும் செல்லதுரை, அன்றைக்குப் பம்பைத் தானே எடுத்துப் பின்டயருக்கு அடித்துக்கொண்டு போனார்.