நான் சொல்லித் தராத அடி

பதினோரு பிள்ளைகளுக்கு நொண்டக் கற்றுக்கொடுத்தவள் நான். வேறு யாராவது என்னைப் பற்றி இப்படிச் சொல்லியிருந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நின்று நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஒருவரும் சொல்லவில்லை. அதனால் நானே எழுத வேண்டியிருக்கிறது.

ஜொகூரில் ரெங்கம் என்ற சின்ன ஊரில் எங்கள் தாமான் குடியிருப்பை ஒட்டி ஒரு பாலாய் ராயா இருக்கிறது. கல்யாணம், கருமாதி, தேர்தல் கூட்டம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பொது மண்டபம்தான். எட்டு வருடம் சனிக்கிழமை தவறாமல் மாலை ஐந்து மணிக்கு அங்கே கராத்தே வகுப்பு நடத்தினேன். ஐம்பத்தைந்து வயதில் குளுவாங் தொழிற்சாலை வேலையை விட்ட மறு மாதமே தொடங்கிவிட்டேன். நான் கராத்தே கற்றுக்கொண்டது இருபத்தாறு வயதில். பஸ் நிறுத்தத்தில் ஒருவன் என் கையைப் பிடித்து இழுத்தான். அடுத்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டேன். கோபம்தான் காரணம். ஆர்வம் எல்லாம் பிறகு வந்தது.

வேலையை விட்ட பிறகு ஓயாமல் உதைத்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் கோபம் இல்லை, பயம். என் அம்மாவுக்குச் சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து அடுத்ததையும் எடுத்தார்கள். அக்காவுக்கு இப்போது காலில் மூன்று விரல் இல்லை. எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை. கிளினிக்கில் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு நர்ஸ், என்ன சாப்பிடுகிறீர்கள் ஆண்ட்டி என்று கேட்பாள். சாப்பாட்டில் ஒன்றும் இல்லை, எல்லாம் உதைதான் என்பேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் முழங்கால் போட முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்தால் என் வாய் சும்மா இருக்காது. என்னைவிட எட்டு வயது சின்னவளிடம் போய், இந்த வயதிலேயே உட்கார்ந்துவிட்டாயா என்று கேட்டிருக்கிறேன். அவள் முகம் சுருங்கியது எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது, பிடித்துத்தான் இருந்தது.

ஊருக்கெல்லாம் நான் ஆண்ட்டி. கடையில் ஆண்ட்டி, பேங்கில் ஆண்ட்டி. அந்த மண்டபத்துக்குள் மட்டும் சென்செய். ஆசிரியருக்குக் கராத்தேயில் அதுதான் பெயர். அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே சனிக்கிழமைக்குக் காத்திருப்பேன்.

அறுபத்திரண்டு வயதில் வலது முட்டி வலிக்க ஆரம்பித்தது. முதலில் படி இறங்கும்போது, பிறகு உட்கார்ந்து எழும்போது, அப்புறம் எப்போதும். எக்ஸ்ரே எடு என்று வீட்டுக்காரர் தினமும் சொன்னார். லோரி ஓட்டி முதுகை ஒடித்துக்கொண்ட மனுஷன். அவருக்கு வலி தெரியும். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காற்சட்டைக்குள் முட்டிப்பட்டி கட்டிக்கொண்டேன். தைலம் தேய்த்தால் வாசனையில் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று மதியமே தேய்த்து, ஐந்து மணிக்குள் சோப்பு போட்டுக் கழுவிவிடுவேன். கோயிலில் கடைசி வரிசைக்கு மாறினேன். அங்கே முழங்கால் போடாவிட்டாலும் யாரும் பார்க்கமாட்டார்கள்.

கராத்தேயில் காத்தா என்று ஒன்று உண்டு. எதிரி இல்லாமலே அடி, தடுப்பு, திரும்பல் என்று ஒரு வரிசையைத் தொடக்கம் முதல் கடைசி வரை செய்ய வேண்டும். ஒரு அசைவு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நான் சொல்லிக்கொடுத்த காத்தாவில், பின்பக்கம் திரும்பி, வலது காலை முன்னால் வைத்து, முட்டியை மடக்கி, முழு எடையையும் அதன்மேல் போட வேண்டிய இடம் ஒன்று வரும். என் முட்டி அங்கேதான் அடம் பிடித்தது. எடையைப் போடும் முன் கால்விரல் நுனியால் தரையில் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பேன், தாங்குமா தாங்காதா என்று. பிறகுதான் பாதத்தைப் பதிப்பேன். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

ஆனால் என் வகுப்பில் கவனிப்பது ஒன்றுதான் வேலை. என் வாயைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள், நான் எப்படிச் செய்கிறேனோ அப்படியே செய்யுங்கள் என்று எட்டு வருடமாகக் கத்தியவள் நானேதான். மண்டபத்துக்குள் எதிர்க்கேள்வி கிடையாது. எதற்கும் 'ஓஸ்', அதாவது 'சரி' என்று ஒரே பதில். எனக்குச் சொல்லித் தந்தவர் அப்படித்தான் வைத்திருந்தார், நானும் வைத்தேன்.

முன்வரிசையில் ஒரு பெண் இருந்தாள். பன்னிரண்டு வயது. பக்கத்து ஊரான லாயாங் லாயாங்கிலிருந்து அப்பாவின் மோட்டார் சைக்கிளில் வருவாள். அவர் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர், வகுப்பு முடியும் வரை வெளியே மரத்தடியில் காத்திருப்பார். எட்டு வருடத்தில் அவளைப் போல ஒரு பிள்ளை எனக்கு வாய்க்கவில்லை. ஒரு தடவை பார்த்தால் போதும். ஜொகூர் பாருவில் அவள் வயதுக்காரர்களுக்கு ஒரு போட்டி இருந்தது. பழுப்பு பெல்ட் இருந்தால்தான் சேர்ப்பார்கள். அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும். ஆகவே அந்த முறை பெல்ட் பரீட்சையில் அவள் தேறியே ஆக வேண்டும். வீட்டில் துணி காயப்போடும் இடத்தில் தினமும் பழகுவதாக அவள் அப்பா சொன்னார்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு அவள் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

"சென்செய், திரும்புற இடத்துல கால்விரலால ஒரு தட்டு தட்டுறீங்களே. நாங்களும் தட்டணுமா?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது, இவள் பார்த்துவிட்டாள் என்று. முகம் சுட்டது. முட்டி வலிம்மா, அதைப் பார்க்காதே என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் அன்றோடு நான் கிழவி. அந்த மண்டபத்திலும் ஆண்ட்டி.

"ஆமா, தட்டணும்," என்றேன். "நான் எப்படிச் செய்றேனோ அப்படித்தான்."

"ஓஸ்," என்று தலைகுனிந்து வணங்கிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் அவள் தட்டினாள். அவளைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும். ஒரு மாதத்தில் பதினோரு பேரும் ஒரே நேரத்தில் தட்டினார்கள். என்னைக் கூட்டிப் போக வந்த வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன, தாளம் போடச் சொல்லித் தர்றியா?" என்று கேலி செய்தார். உமக்குக் கராத்தேயைப் பற்றி என்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன். உள்ளுக்குள் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. பரீட்சைக்கு முன்னால் திருத்திக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போட்டேன். திருத்த வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல வாய் வரவில்லை.

பரீட்சை குளுவாங்கில் ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்தது. பலகைத் தரை. நாலு ஊர் வகுப்புகள் வந்திருந்தன, பெற்றோர் சுற்றிலும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பரீட்சை நடத்தியவர் என்னோடு ஒரே ஆசிரியரிடம் கற்றவர், எனக்கு இளையவர், என்னை அக்கா என்று கூப்பிடுவார். மற்ற மூன்று ஊர்ப் பிள்ளைகளும் செய்து முடித்தார்கள். திரும்பும் இடத்தில் துணி உரசும் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு என் பிள்ளைகள் இறங்கினார்கள். திரும்பினார்கள். பதினோரு கால்விரல் பலகையில் ஒன்றாக 'டொக்' என்று விழுந்தது.

அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் டொக். பெற்றோர் பக்கமிருந்து யாரோ சிரித்தார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, இது நீங்க சொல்லித் தந்த அடியா?"

மண்டபமே என்னைப் பார்த்தது. எனக்கு அம்மாவின் சக்கர நாற்காலி ஞாபகம் வந்தது. அதைச் சாக்காகச் சொல்லவில்லை, வந்தது, அவ்வளவுதான்.

"நான் இப்படிச் சொல்லித் தரல," என்றேன். "பிள்ளைங்க கவனமில்லாம செஞ்சிருக்காங்க."

அவர் முன்வரிசைக்குப் போய், தலைவியாக நின்ற அந்தப் பெண்ணிடம் அதையே கேட்டார். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் முட்டியைப் பார்த்தாள். பிறகு நேராக நின்று, "மன்னிச்சுக்குங்க சார். நாங்கதான் தப்பா செஞ்சிட்டோம்," என்றாள். ஆசிரியரை எதிர்த்துப் பேசக் கூடாது என்று அவளுக்குச் சொல்லித் தந்தவள் நான். அதையும் ஒழுங்காகத்தான் கற்றிருந்தாள்.

பதினோரு பேரும் தேறவில்லை.

சின்னதுகள் அழுதுவிட்டு ஐஸ்கிரீம் கேட்டன. அவள் அழவில்லை. பழைய பெல்ட்டை மடித்துப் பைக்குள் வைத்து, அப்பாவின் பின்னால் ஏறி உட்கார்ந்து போய்விட்டாள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் வீட்டுக்காரர் கேட்டார்.

"முட்டி வலின்னு ஒரு வார்த்தை சொன்னா செத்தா போயிருப்ப?"

போய்க் குளித்தேன்.

அடுத்த ஞாயிறு பூசைக்கு முன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொய் சொன்னேன் சாமி, பிள்ளைகள்மேல் பழி போட்டேன் என்றேன். மூன்று 'அருள்நிறை மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை. இவ்வளவு மலிவா என்று அவர்மேல் கோபம்கூட வந்தது. பாவம், அவர் என்ன செய்வார்? நான் சொல்ல வேண்டிய ஆட்கள் பதினோரு பேர். அவர்களை விட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் இருந்தவரிடம் போய்ச் சொன்னேன்.

அந்தப் பெண் வகுப்புக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். அவர்களை உட்காரவைத்து, காற்சட்டையைச் சுருட்டி, வீங்கிக் கிடந்த முட்டியைக் காட்டி, தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது என்று சொன்னேன். ஏழு பேரும் 'ஓஸ்' என்றார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்கவே பிடிக்கவில்லை. பரீட்சை நடத்தியவருக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். பிள்ளைகளைத் திருத்திக் கூட்டி வாங்க, மறுபடி பார்க்கிறேன் என்றார். ஆனால் ஜொகூர் பாரு போட்டிக்குப் பெயர் கொடுக்கும் தேதி முந்தின நாளே முடிந்திருந்தது.

லாயாங் லாயாங்குக்கும் போன் போட்டேன். அவள் அப்பாதான் எடுத்தார். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மரியாதையாகவே பேசினார். பாப்பா இனிமேல் படிப்பைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டது டீச்சர் என்றார். அவளோடு பேச முடியுமா என்றேன். குளிக்கிறாள் என்றார். பக்கத்தில் அவள் குரல் கேட்டது.

மண்டபத்து வகுப்பை இப்போது குளுவாங்கிலிருந்து வரும் ஒரு இளம் பெண் நடத்துகிறாள். மூன்றே வாரத்தில் பிள்ளைகள் காலிலிருந்து அந்தத் தட்டு போய்விட்டதாம். நான் காலையில் கைத்தடியோடு அரைமணி நேரம் நடக்கிறேன், டாக்டர் சொன்ன பயிற்சிகளை நாற்காலியில் உட்கார்ந்து செய்கிறேன். கோயிலிலும் நாற்காலிதான். என்னைவிட எட்டு வயது சின்னவள் எனக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவைக்கிறாள்.

போன மாதம் கிளினிக்கில் எக்ஸ்ரே உறையோடு நின்றுகொண்டிருந்தேன். உட்கார இடம் இல்லை. முன்வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். அவள்தான். ஒரு சாண் வளர்ந்திருந்தாள்.

"உக்காருங்க ஆண்ட்டி," என்றாள்.

உட்கார்ந்தேன். ஒரு வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. அன்றைக்கு நான் சொன்னது பொய்ம்மா, உன்னிடம் நேரில் சொல்ல வேண்டும் என்றுதான், என்று ஏதோ உளறினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

"அப்பா சொன்னாங்க ஆண்ட்டி," என்றாள். "ஆனா நான் முன்னாடியே கேட்டேனே. வலிக்குதுன்னு சொல்லியிருந்தா நாங்க யாரும் சிரிச்சிருக்க மாட்டோம்."

அதற்குள் அவள் அம்மாவின் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வரேன் ஆண்ட்டி என்று சொல்லிவிட்டுப் போனாள். மறந்துபோயாவது ஒரு தடவை சென்செய் என்பாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கதவு மூடும் வரை அவள் சொல்லவில்லை.