சாட்சிக் கூண்டில் டாக்டர் லுவெல்லா

லுவெல்லா கெஸ்கின்ஸுக்கு ஓர் இடத்தில் உட்காரவே தெரியாது. அன்று காலை நீதிமன்றத் தாழ்வாரத்தில் அவர் நடந்த நடையில் காவலாளிக்கே தலை சுற்றியிருக்கும். பருத்திக்காட்டுக் குத்தகைக்காரரின் மகள். அமெரிக்காவின் தெற்கிலிருந்த ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் அந்நாளில் கறுப்பர்களைச் சேர்க்காது. வடக்கே போய்ப் படி என்று கட்டணம் கொடுத்துக் கழற்றிவிடும். போனவர் டாக்டர் பட்டத்தோடு திரும்பி வந்து நிற்பார் என்று அந்தப் புத்திசாலிகள் நினைக்கவில்லை. கோடை விடுமுறைகளில் ஓட்டைக் காரில் சுற்றி, மாவட்டத்தின் கறுப்புப் பள்ளிக்கூடங்களை எல்லாம் கணக்கெடுத்துவிட்டார். ஒழுகும் கூரை, கணப்பில்லாத அறை, வெள்ளைப் பிள்ளைக்கு ஆகும் செலவில் கறுப்புப் பிள்ளைக்குக் கிடைக்கும் துளி, எல்லாம். கறுப்புப் பள்ளிகளுக்கும் சமமாகச் செலவழிக்கக் கேட்டுத் தாய்மார்கள் போட்ட வழக்கில் அந்தக் கணக்குதான் இன்று சாட்சியம்.

"அரசு வக்கீல் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவான், டாக்டர். கறுப்பர்கள மிஸ், மிசஸ்னு மரியாதையாச் சொல்லவே மாட்டாங்க. பல்லக் கடிச்சுக்கிட்டு பதில் சொல்லுங்க. உங்க கணக்கு போச்சுன்னா கேஸே போச்சு" என்று கெஞ்சியிருந்தார் இவர்கள் தரப்பு வக்கீல்.

கூண்டில் ஏறியதும் பல்லைக் கடித்துக்கொண்டார். "லுவெல்லா, நீ எங்க படிச்ச?" என்றார் அரசு வக்கீல். சொன்னார். "லுவெல்லா, இதெல்லாம் நீயே போட்ட கணக்கா?" அதற்கும் சொன்னார்.

"இந்த ஓடெசாவ கேஸ் போடச் சொல்லித் தூண்டிவிட்டது நீதான?"

ஓடெசா டில்லர்ட்தான் வழக்கில் முதல் கையெழுத்துப் போட்ட தாய். அதற்காகச் சமையல் வேலையைப் பறிகொடுத்தவர். கறுப்பர்களுக்கான மாடி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"மிசஸ் டில்லர்ட்" என்றார் லுவெல்லா.

"என்னது?"

"அவங்க மிசஸ் டில்லர்ட். அப்படிக் கேளுங்க, பதில் சொல்றேன்."

நீதிபதி சுத்தியலை ஓங்கித் தட்டினார். "அவ பேரு ஓடெசா. அந்தப் பேரச் சொல்லியே பதில் சொல்லு. இல்லன்னா உன் சாட்சியம் மொத்தத்தையும் தள்ளிடுவேன்."

லுவெல்லாவின் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. தன் அவமானத்தை விழுங்கியாயிற்று. இன்னொருத்தியின் மானத்தையும் சேர்த்து விழுங்க மனம் வரவில்லை.

மாடியில் ஓடெசா எழுந்தார். "டாக்டரம்மா, சொல்லிடுங்க. எனக்கு இது பழகிப்போச்சு. எம்புள்ளைங்க பள்ளிக்கூடத்துல கோட்டோட பெஞ்சுல நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்குதுங்க."

"உக்காரு!" என்று கத்தினார் நீதிபதி.

லுவெல்லா அவரைப் பார்க்கவில்லை, மாடியைத்தான் பார்த்தார்.

"இல்ல. ஓடெசா தானாத்தான் வந்தாங்க."

அந்தப் பெயர் மொட்டையாகத் தன் வாயிலிருந்தே வந்ததைக் கேட்டதும் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைக்காமலே அடுத்த பள்ளிக்கூடத்தின் கணக்கைச் சொல்லத் தொடங்கினார்.