கார்டுக்காரர் நேரில் வரவேண்டும்

தப்பான ஒரு முடிவை எடுத்த கடைக்காரர் அதைத் திருத்திக்கொண்டால் வாடிக்கையாளர்கள் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள் என்றுதான் சின்ன வயதில் நம்பியிருந்தேன். எங்கள் எஸ்டேட் லைனில் எல்லோரும் அப்படித்தான் சந்தோஷப்பட்டார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் குதித்தவள்தான். எங்கள் அத்தையைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் எங்கள் லைன் வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. சிடி பிளேயர் எங்கள் வீட்டில் மட்டும் இருந்ததால், ஞாயிற்றுக்கிழமை என்றால் லைனே எங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும். படம் மட்டும் ஏற்காட்டிலிருந்து வரவேண்டும். சேலத்தில் கடைகள் வைத்திருந்த ஒரு கம்பெனி, ஏற்காட்டிலும் சிடி வாடகைக் கடை திறந்து, லைனுக்கு ஒருவர் பேரில் போட்டோ ஒட்டிய கார்டும் கொடுத்திருந்தது. ஆனால் மலைக் கிராமத்துக்காரர்கள் யாரும் கடைக்குப் போனதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கடைக்காரர் ஒரு துணிப்பையைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவார். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அதே பை திரும்பிப் போகும். உள்ளே என்ன படம் என்பது பையைத் திறக்கும்போதுதான் தெரியும். கடைக்காரர் எதை எடுத்துப் போடுகிறாரோ அதுதான் எங்கள் ரசனை.

இந்த ஏற்பாட்டுக்கு வேட்டு வைத்தது என் அம்மா. மேஸ்திரி வீட்டுக் கல்யாண சிடியை எங்கள் வீட்டில் போட்டுப் பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவசரத்தில் கல்யாணத்தைப் படப் பெட்டியிலும் படத்தைக் கல்யாணப் பெட்டியிலும் மாற்றி வைத்துவிட்டாள். ஏற்காட்டில் அதை அடுத்து எடுத்துப்போன லாட்ஜ் மேனேஜர், குடும்பத்தோடு உட்கார்ந்து மாப்பிள்ளை அழைப்பு முழுவதையும் பார்த்துவிட்டு, கதை எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்தாராம். இந்தப் பக்கம் மேஸ்திரி, மகள் கல்யாணத்தைக் காட்டுகிறேன் என்று சொந்தக்காரர்களை எல்லாம் எங்கள் வீட்டில் உட்கார வைத்துச் சிடியைப் போட, வெட்டுக்குத்து ஓடியது. மற்ற லைன்களிலிருந்தும் இப்படி மாறி மாறிப் போயிருக்கும் போலிருக்கிறது. கம்பெனி ஒரு சட்டம் போட்டது. இனி பஸ்ஸில் பை கிடையாது. கார்டுக்காரர் நேரில் வரவேண்டும், பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் அடுத்த படம் எடுக்கவேண்டும்.

சட்டம் போட்ட முதலாளி அடிவாரம் தாண்டி மேலே வந்திருப்பாரா என்பதே சந்தேகம். வாரம் முழுக்கக் காப்பிக் காட்டில் நிற்பவர்களுக்கு ஞாயிறு ஒருநாள்தான் துணி துவைக்கவும் விறகு பொறுக்கவும். அதையும் விட்டுவிட்டு பஸ் ஏறிப்போய்ப் படம் எடுப்பதா? மலை முழுக்கக் கோபம். பல லைன்களில் கார்டுகளையே துணிப்பையில் போட்டுக் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மாரமங்கலத்துக்காரர்கள்தான் முதலில் அனுப்பினார்கள் என்று கண்டக்டர் தானே அனுப்பியதுபோலச் சொல்லித் திரிந்தார்.

எங்கள் கார்டு அத்தை பேரில் இருந்தது. கார்டு வாங்க போட்டோ கேட்டபோது அவளிடம்தான் ஒன்று மிச்சமிருந்தது. சத்துணவுக்கூட வேலைக்கு எழுதிப்போட எடுத்தது. வேலை கிடைக்கவில்லை, போட்டோ மிஞ்சியது. கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து திரும்பி வந்த பிறகு அத்தை லைனை விட்டு வெளியே போனதே இல்லை. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அப்பா அவளைத் தோட்ட வேலைக்கும் அனுப்பவில்லை, விசேஷ வீடுகளுக்கும் அனுப்பவில்லை. கோபத்தில் செய்ததல்ல, அவள்மேல் இருந்த பாசத்தில்தான் அப்படிப் பூட்டி வைத்திருந்தார். இப்போது சட்டமே அவளை நேரில் வரச்சொல்கிறது. அப்பா இரண்டு நாள் யோசித்தார். லைன்காரர்கள் வேறு படம் படம் என்று அரித்தார்கள்.

"சரி, புள்ளையக் கூட்டிட்டுப் போய்ட்டு அடுத்த பஸ்ஸுக்கே வந்துரு கண்ணு" என்றார் கடைசியில். மூன்றாம் வகுப்புப் படிக்கும் நான்தான் அவளுக்குக் காவல்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பார்த்த அத்தை வேறு ஆள். கடையில் சுவர் முழுக்கப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்துவிட்டு வைப்பாள். எனக்குக் கால் வலிக்கும். முதல் வாரம் கடைக்காரரிடம் பேசவே கூச்சப்பட்டவள், மழைக்காலம் வருவதற்குள் கடைக்கு வரும் மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்ய ஆரம்பித்துவிட்டாள். "ஏனுங்க, இது குழந்தைங்களோட பாக்கலாங்களா?" என்று யாராவது கேட்டால், "மொதப் பாதி பாக்கலாங்க, அப்பறம் நொம்ப அழுகை" என்பாள். கேட்டவர்கள் அவள் சொன்னதையே எடுத்துப் போவார்கள். லைனிலும் பெண்கள் வெள்ளிக்கிழமையே வந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்திக்குச் சாமி படம், ஒருத்திக்குச் சிரிப்புப் படம், பையன்களுக்குப் பேய்ப்படம். அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் தனக்குப் பிடித்ததை எடுத்து வருவாள், எல்லோருக்கும் அது பிடித்துவிடும். திரும்பி வந்தவள் என்று அவளைச் சொன்ன வாய்கள், படம் எடுக்கிறவள் என்று சொல்லத் தொடங்கின.

எனக்கு இதில் எதுவும் பெரிதாகப் படவில்லை. பஸ்ஸில் வளைவுக்கு வளைவு எனக்கு வாந்தி வரும். பஸ்ஸில் வந்த அந்தப் பழைய பையே தேவலாம் என்று மனசுக்குள் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் நுழைந்ததும் கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக நின்றார். கார்டுகள் திரும்பி வந்துகொண்டே இருந்ததில் கம்பெனி இறங்கி வந்துவிட்டது. "நல்ல சேதிங்க அம்மிணி! சட்டத்தை எடுத்துட்டாங்க. பழையபடி பஸ்ஸுலயே பை வந்துரும்" என்றார். கடையில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ரிட்டயரான வாத்தியார், இப்போதாவது தோன்றியதே என்று தலையை ஆட்டினார். கார்டைத் திருப்பி அனுப்பியிருந்த பக்கத்து எஸ்டேட் அம்மா ஒருவர், கார்டை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன், முதலில் மன்னிப்புக் கேளுங்கள் என்று இடுப்பில் கைவைத்து நின்றார். ஓட்டல் சமையல்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. "இன்னிக்கு மாத்துனவிய நாளைக்கு மறுக்கா மாத்த மாட்டாங்கன்னு என்னுங்க நிச்சயம்?" என்றார். கடைக்காரர் கம்பெனிக்காகக் கையெடுத்துக் கும்பிட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

அத்தை கையில் ஒரு பெட்டியோடு நின்றிருந்தாள். "ஏனுங்க, நேர்ல வந்தா குடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள்.

"குடுக்காம என்னங்க? தாராளமா வாங்க. ஆனா வெட்டியா எதுக்குங்க அலையோணும்? ஊட்டுல உக்காந்தே பாக்கலாமில்லீங்க" என்றார் அவர். நல்ல மனதோடுதான் சொன்னார். வீட்டிலும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள். அன்றைக்கு அவள் அடுக்கிலிருந்த பெட்டிகளை வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவோம் என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

பஸ் நின்றதும் இறங்கி லைனுக்கு ஓடினேன். கம்பெனி பணிந்துவிட்டது என்று கத்திக்கொண்டே போனேன். லைனே வாசலுக்கு வந்தது. மேஸ்திரி தன் மீசையைத் தடவிக்கொண்டார், என்னவோ அவர் வீட்டுக் கல்யாணமே ஜெயித்ததுபோல. அப்பாவுக்கு மனசிலிருந்து பாரம் இறங்கியது முகத்தில் தெரிந்தது. "நல்லதாப் போச்சு கண்ணு. இனி மழையிலயும் பனியிலயும் நீ அலையாண்டாம்" என்றார் அத்தையிடம்.

"ஆமாங்கண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பங்கரைக்குள் போனாள்.

அடுத்த வாரம் பை வந்தது. ஏற்கெனவே பார்த்த சண்டைப் படம். இருந்தாலும் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். திங்கட்கிழமை காலை பையைக் கொடுக்க அத்தையும் நானும் ரோட்டுக்குப் போனோம். பனி விலகவில்லை, பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. பையை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள்:

"கண்டக்டர்கிட்டச் சொல்லு சாமி. எங்க லைனுக்கு மட்டுமாச்சும் நேர்ல வரோணும்னே இருக்கட்டும்னு கடையில சொல்லச் சொல்லு."

நான் பையை நீட்டிக்கொண்டே அதை அப்படியே உரக்கச் சொன்னேன். கண்டக்டர் ஒரு நொடி முழித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். முன்சீட்டில் இருந்தவர்களும் சிரித்தார்கள். விசில் ஊதிக்கொண்டே, "இத கண்டிப்பாச் சொல்றேன் போ!" என்று கையாட்டினார். வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன், அம்மா மேஸ்திரி வீட்டில் சொன்னாள், சாயங்காலத்துக்குள் லைன் முழுக்கச் சிரித்து முடித்துவிட்டது. அப்பாகூட, தன் தங்கச்சிக்கு இவ்வளவு வேடிக்கையாகப் பேசத் தெரியுமா என்று அதிசயப்பட்டார்.

எல்லோர் முன்னாலும் அத்தையும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவளே சிரித்ததால், அது வேடிக்கைதான் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.