அம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்த பதினெட்டு வார்த்தைகள்

சமையலறைச் சுவரில் அந்தச் சார்ட் பேப்பரை ஒட்டியவள் நான்தான். மஞ்சள் நிறத் தாள், ஊதா ஸ்கெட்ச் பேனா. ஒன்றன் கீழ் ஒன்றாகப் பதினெட்டு வார்த்தைகள் எழுதியிருந்தேன். கம். கோ. சிட். ஈட். வாட்டர். மில்க். ஸ்லீப். டோன்ட் க்ரை. குட் கேர்ல். வார்த்தைகள் ஆங்கிலம், எழுத்து கன்னடம். கர்நாடக எல்லையில் ஹனூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை கன்னடத்தில் படித்தவள் என் அம்மா. அவளுக்குப் படிக்கத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். வாயில் வருவது மட்டும் தமிழ். அந்தத் தமிழை நிறுத்துவதற்காகத்தான் அந்தத் தாள். ஒட்டி முடித்ததும் இரண்டடி பின்னால் போய் நின்று ரசித்தேன். தாளின் நான்கு ஓரத்திலும் பூக்கூட வரைந்திருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மைசூரில் மண்டி மொஹல்லாச் சந்து ஒன்றில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. அப்பா தொழிற்சாலையில் மெஷின் ஓட்டினார். நான் ஆங்கிலப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. எனக்கு ஒன்பது வயதானபின் பிறந்தவள் தங்கை. அழகி என்றால் அப்படியொரு அழகி. கடைத்தெருவில் தூக்கிக்கொண்டு போனால் முன்பின் தெரியாதவர்கள் கன்னத்தைக் கிள்ளுவார்கள். அவள் மட்டும் யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். அவரைக்காயைக் கொட்டினால் சின்னதிலிருந்து பெரிதுவரை வரிசையாக அடுக்குவாள், ஒன்றை நகர்த்தினால் வீடு இரண்டாகும். தேவராஜ மொஹல்லாப் பக்கம் போய்விட்டு வந்தால் பஸ் கண்டக்டர் கூவியதை அதே குரலில், அதே இழுப்பில், சாயங்காலம்வரை கூவிக்கொண்டிருப்பாள். இன்றைக்கு இதையெல்லாம் சொன்னால் யாரும் அரை நிமிஷத்தில் ஆட்டிசம் என்றுவிடுவார்கள். எங்கள் சந்தில் அப்போது அந்த வார்த்தை இல்லை. பிள்ளை கொஞ்சம் ஒரு மாதிரி, அவ்வளவுதான்.

ஆனால் அவள் பேசினாள். இதை நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் எல்லோரும் அவளைப் பிறவியிலிருந்தே பேசாதவள் என்று சொல்லப் பழகிவிட்டார்கள். அம்மா சொல்வதைத்தான் அவள் திருப்பிச் சொல்வாள். தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தருகே போய் நின்று, "என்ற சாமிக்குத் தண்ணி வேணுமா?" என்று கேட்பாள். தூக்கம் வந்தால், "கண்ணு சொருகுதே, படுத்துக்கலாமா?" என்பாள். மழை வந்தால், "அய்யோ கொடியில துணி!" என்பாள். அம்மாவின் குரல், அம்மாவின் ஹனூர் இழுப்பு, எதுவும் மாறாது. அதில் எது கேள்வி, எது ஆசை, எது பயம் என்று எங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அடுப்படியில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே அம்மா நாள் முழுக்க அவளிடம் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனது, பீன்ஸ் விலை, மாதேஸ்வரன் மலைக்கு நேர்ந்துகொண்டது, எல்லாம். தங்கை அம்மாவின் முழங்காலில் சாய்ந்து காயை அடுக்கிக்கொண்டிருப்பாள். பத்து நாள் கழித்து, கேட்டதில் ஒரு வாக்கியம் சரியான இடத்தில் வந்து விழும்.

தங்கையைப் பள்ளியில் சேர்த்த இரண்டாம் மாதம் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். அப்பா ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். ஆங்கிலம் புரியாவிட்டால் சொல்வதற்கு என்னையும் கூட்டிப்போனார். நான் தேவைப்படவில்லை, அந்த அம்மாள் கன்னடத்திலேயே கேட்டார். "மனெல்லி யாவ பாஷெ மாத்தாடுத்தீரா?" வீட்டில் என்ன மொழி என்ற அந்தக் கேள்விக்கு அப்பா எழுந்து நின்று "தமிழு மேடம்" என்றார். ஏதோ திருட்டை ஒப்புக்கொள்கிற மாதிரி.

அவ்வளவுதான், தீர்ப்பு வந்துவிட்டது. மூன்று மொழி இந்தச் சின்ன மூளைக்குத் தாங்காது, குழம்பிப் போயிருக்கிறாள், கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்வது அதனால்தான், வீட்டில் தமிழை நிறுத்துங்கள், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், ஆறே மாதத்தில் சரியாகிவிடும். அவர் கெட்டவர் இல்லை. பெல் அடித்து ஆயாவைக் கூப்பிட்டுத் தங்கைக்கு பிஸ்கட்கூடக் கொடுக்கச் சொன்னார். நன்றாகப் படித்தவர், நல்ல நோக்கத்தோடு, துளிச் சந்தேகமில்லாமல் சொன்னார். இன்றுவரை எனக்கு ஆறாதது அந்தச் சந்தேகமின்மைதான்.

அப்பாவுக்குப் படித்தவர்கள் சொன்னால் வேதவாக்கு. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "ஏனுங்க, எனக்கு இங்கிலீசு வராதுங்களே. பேசாம இருந்தா எப்படிங்க புள்ளை வளரும்?" என்று கேட்டாள். "வராட்டிப் பேசாத. படிச்சவங்க சும்மாவா சொல்றாங்க? உன் தமிழாலதான் புள்ளை இப்படி இருக்குது" என்றார் அப்பா. அந்தக் கடைசி வாக்கியம் அம்மாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. முகம் மாறியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஸ்கெட்ச் பேனா எடுக்கப் போனேன்.

சந்தோஷமாகத்தான் போனேன், அதையும் மறைப்பதற்கில்லை. வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் நான் ஒருத்திதான், திடீரென்று நான் டீச்சர் ஆகிவிட்டேன். அம்மா எனக்கு முன்னால் நின்று "டோன்ட் க்ரை" சொல்லிப் பழகினாள். தப்பாகச் சொன்னால் சிரித்தேன். வாய்தவறித் தமிழ் வந்தால் "அம்மா!" என்று அதட்டினேன். அம்மா சட்டென்று வாயை மூடிக்கொள்வாள். அம்மாவை அதட்டலாம் என்பது எனக்குப் புதிது, ருசியாக இருந்தது.

அம்மாவின் வாயில் அந்தப் பதினெட்டும் ஆளில்லாத வார்த்தைகளாக வந்தன. "ஈட்" என்பாள், தட்டை நீட்டி. தங்கை அவள் உதட்டையே பார்ப்பாள். யார் முகத்தையும் பார்க்காதவள், அந்த நாட்களில்தான் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து விரலால் அம்மாவின் உதட்டைத் தொட்டு, "என்ற சாமிக்குத் தண்ணி வேணுமா?" என்பாள். தாகத்துக்காகக் கேட்கவில்லை, டம்ளரைக் கொடுத்தால் தள்ளிவிடுவாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்ப்பாள். பிறகு "வாட்டர்" என்பாள்.

ஒருநாள் பரீட்சை சீக்கிரம் முடிந்து மத்தியானமே வீடு திரும்பினேன். சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அம்மாவின் குரல், தணிந்து, வேகவேகமாக, கொட்டித் தீர்க்கிற மாதிரி. தமிழ். நடுநடுவே தங்கை சிரிக்கும் சத்தம். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு வாரக்கணக்கில் ஆகியிருந்தது. கதவைத் தட்டாமல் வாசல்படியில் போய் உட்கார்ந்தேன். யோசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் அப்பா வந்ததும் சொல்லிவிட்டேன்.

அப்பா அடிக்கிற ஆள் இல்லை. அன்றைக்கும் அடிக்கவில்லை. "பெத்தவளே புள்ளையைக் கெடுக்கறாளே" என்று மட்டும் சொன்னார், சந்துக்கே கேட்கிற மாதிரி. அம்மா என்னைப் பார்த்து, "நீ நல்லதுக்குத்தான் சொன்னே அம்மிணி" என்றாள். மனதாரச் சொன்னாள். அதற்கப்புறம் கதவு சாத்தப்படவே இல்லை. தங்கை அறையில் இருந்தால் அம்மா வாய் திறப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்தால் வாசலுக்குக் கூட்டிப்போய்ப் பேசுவாள்.

ஆறு மாதத்தில் சரியாகவில்லை. தங்கையின் வாக்கியங்கள் ஒவ்வொன்றாகப் போயின. கொடித் துணி போயிற்று, கண் சொருகுவது போயிற்று, கண்டக்டர் போனார். தண்ணீர்தான் கடைசிவரை இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் அதுவும் நின்றது. அந்த இடத்துக்கு ஆங்கிலம் வரவில்லை, எதுவும் வரவில்லை. அந்த வருஷ முடிவில் பள்ளி அவளை வேண்டாமென்று சொல்லிவிட்டது. இவள் மாதிரிப் பிள்ளைகளுக்கென்று வேறு இடங்கள் உண்டு, விசாரித்துப் பாருங்கள் என்றார் அதே தலைமையாசிரியை. அப்பா விசாரிக்கவில்லை. விசாரித்தால் ஊர் பைத்தியம் என்று சொல்லும், அக்காவுக்கு மாப்பிள்ளை அமையாது. ஆக, அதிலும் நான் இருக்கிறேன்.

யாரும் தடையை எடுக்கவில்லை. அதுதான் இந்தக் கதையிலேயே கேவலமான பகுதி. போட்ட நாங்கள் மறந்துவிட்டோம், அம்மா மறக்கவில்லை. சார்ட் பேப்பர் எண்ணெய்ப் பிசுக்கேறி உதிர்ந்துபோன பின்னும் அம்மா தங்கை முன்னால் பேசவில்லை. குளிப்பாட்டினாள், ஊட்டினாள், தலை வாரினாள், எல்லாம் வாய் திறக்காமல். தன் பேச்சு அந்தப் பிள்ளைக்கு விஷம் என்று அவள் நம்பினாள். அப்பா இறந்த பிறகும் நம்பினாள்.

நான் கம்ப்யூட்டர் படித்தேன். தொண்ணூறுகள் முடிகிற நேரம், தேவராஜ மொஹல்லாவில் ஒரு மாடியில் பயிற்சி நிலையம். குளிர்பதன அறை, செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும். அங்கே பாடம் எடுத்த சார் யார் முகத்தையும் பார்க்கமாட்டார். தினமும் அதே டப்பாவில் அதே இரண்டு இட்லி, மவுஸை யாராவது ஒரு விரற்கடை நகர்த்தி வைத்தால் கூச்சல். "ஜீனியஸ் அவரு, அப்படித்தான் இருப்பாரு, நாமதான் அனுசரிச்சுப் போகணும்" என்பார் நிலையத்து முதலாளி பெருமையாக. நாங்கள் அனுசரித்தோம். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, நல்ல மனிதர். ஆனால் ஒருநாள் அங்கிருந்து வீட்டுக்கு வந்தால் சந்தில் கூட்டம். குடத்தை யாரோ இடம் மாற்றியதற்குத் தங்கை சுவரில் தலையை மோதிக்கொண்டிருந்தாள். "கட்டிப் போடுங்கம்மா இவள, எங்க வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்குது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு இடத்துக்கும் நடுவே நடந்தால் கால் மணி நேரம்கூட ஆகாது.

இப்போது நான் வேலை செய்யும் மென்பொருள் அலுவலகத்தில் வருஷத்துக்கொரு முறை நியூரோடைவர்சிட்டி, அதாவது மூளைக்கு மூளை வேற்றுமை, என்று ஒரு வாரம் கொண்டாடுகிறார்கள். லிஃப்டுக்குப் பக்கத்தில் வண்ண வண்ணமாகப் போஸ்டர், கப் கேக். வித்தியாசமாக யோசிப்பவர்களே நம் பலம் என்று எழுதியிருக்கும். பலம் என்றால் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களின் வித்தியாசம். குடத்துக்காக அழுகிறவர்களின் வித்தியாசத்துக்குக் கப் கேக் கிடையாது. அப்படியொரு வாரத்தில், பேச வராத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள் ஒருத்தி வந்து பேசினாள். சின்னப் பெண். வேறு எதையோ விளக்கிக்கொண்டிருக்கும்போது போகிற போக்கில் சொன்னாள்: "முன்னாடியெல்லாம் வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லுவாங்க. ரொம்பத் தப்பு. இந்தப் பிள்ளைங்களுக்கு அம்மா பேசற மொழிதான் முதல் பிடிமானம். கேட்டதைத் திருப்பிச் சொல்றதும் பேச்சுதான்." திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். யாருக்காவது சொந்த அனுபவம் உண்டா என்று கடைசியில் கேட்டார்கள். நான் கையைத் தூக்கவில்லை.

அன்றைக்கே அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். ஏழு வருஷம் சொல்லவில்லை. வயதான காலத்தில் அவள் மனதை ஏன் உடைக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். சொன்னால் வாசல்படியில் உட்கார்ந்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் செய்ததையும் தப்பென்று சொல்ல வேண்டிவரும். அம்மா தன்னையே குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

போன வருஷம் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம், "எனக்கப்பறம் இவகிட்ட நீயாச்சும் இங்கிலீசுல பேசு அம்மிணி. எனக்குத்தான் வரலை" என்றாள். இப்போதிருக்கும் மாடி வீட்டின் வாசலுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் அதையும் சொன்னாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நான் பேசியிருக்கலாமா?" என்று கேட்டாள்.

"பேசியிருக்கலாம்மா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஏழு வருஷமாச்சு."

அவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை நான் போகும்போது தெருவிலேயே அம்மாவின் குரல் கேட்கிறது. பீன்ஸ் விலை, கீழ்வீட்டுக்காரன் பைக்கைக் குறுக்கே நிறுத்தியது, யார் மகளுக்கு எங்கே பேறுகாலம், எல்லாம் தமிழில், மூச்சுவிடாமல். நான் உள்ளே நுழைந்தாலும் நிறுத்துவதில்லை. எனக்குக் காபி வைக்கிறாள், வைத்துவிட்டுத் தங்கையிடம் திரும்பிக்கொள்கிறாள். தங்கைக்கு நரை வந்துவிட்டது. ஜன்னல் கம்பிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். அம்மா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு கொஞ்சம் நிறுத்தி, அவள் வாயையே பார்க்கிறாள். தங்கை பதில் சொல்வதில்லை. முப்பது வருஷம் கழித்து வந்த பேச்சுக்கு அவள் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்?