குறுக்கு ரோட்டுப் புழுதி

ராடார் என்றால் என்ன என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் பதிலுக்காகக் கேட்பதில்லை. "ஏரோப்ளேன் வந்தா காட்டிக்குடுக்கும், அதானே?" என்று அவர்களே முடித்துவிடுவார்கள். பெண்பிள்ளைக்கு இதற்குமேல் என்ன தெரிந்திருக்கப்போகிறது என்ற நினைப்பு. அந்தக் காலத்தில் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். இன்றைக்கும் வருகிறது. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றது பிறகு.

எண்பதுகளின் கடைசியில் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். வகுப்பில் பெண்கள் மூன்று பேர். ராடார் பாடத்தை வாத்தியார் நோட்ஸாகச் சொல்லிக்கொண்டே போனார், நாங்கள் எழுதிக்கொண்டே போனோம். யாருக்கும் ஒன்றும் ஏறவில்லை. எனக்கு அது புரிந்தது அருப்புக்கோட்டையில், ஒரு நூல் மில்லின் மதில் சுவருக்கு எதிரே இருந்த பொட்டலில். அங்கே நின்று கையைத் தட்டினால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். தட்டியதற்கும் திரும்பக் கேட்டதற்கும் இடையே ஆன நேரம் தெரிந்தால் சுவர் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது போனதற்கும் வந்ததற்கும் சேர்த்து ஆன நேரம். பாதியாக்க வேண்டும். பரீட்சையில் எங்கள் வகுப்புச் சூரர்கள் பலர் அந்தப் பாதியை மறந்துவிட்டு, விமானத்தை இரண்டு மடங்கு தூரத்தில் பறக்கவிட்டார்கள்.

ராடாரும் இதே வேலையைத்தான் செய்கிறது. கைத்தட்டலுக்குப் பதில் ரேடியோ அலை. விட்டுவிட்டு அனுப்பும், அனுப்பியபின் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். ஆன்டெனா எந்தப் பக்கம் பார்த்து நிற்கும்போது எதிரொலி வந்ததோ அதுதான் திசை, எவ்வளவு நேரம் கழித்து வந்ததோ அதிலிருந்து தூரம். யாராவது வந்து தகவல் சொல்லட்டும் என்று அது உட்கார்ந்திருக்காது, தானே கேட்டுத் தெரிந்துகொள்ளும். இந்தக் குணத்துக்காகவே எனக்கு அதைப் பிடித்துப்போனது.

ஆனால் தூரமும் திசையும் தெரிந்தால் மட்டும் போதாது. திரையில் இப்போது ஒரு புள்ளி. ஆன்டெனா அடுத்த சுற்று வரும்போது கொஞ்சம் தள்ளி ஒரு புள்ளி. இரண்டும் ஒரே பொருள்தானா, வேறு வேறா, அல்லது இரண்டுமே வெறும் மேகமா? இதைக் கண்டுபிடித்துப் பின்தொடர்வதற்குத்தான் டிராக்கிங் என்று பெயர். அதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை, எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் படித்தேன்.

எங்கள் ஊர் பரளச்சிப் பக்கம். காலையில் அருப்புக்கோட்டைக்கு ஒரே ஒரு பஸ். தார் இல்லாத சரளை ரோடு. பருத்தியும் மிளகாயும் எடுத்து முடித்த கோடைக்காலத்தில் காடு மொட்டையாகக் கிடக்கும், எது வந்தாலும் இரண்டு மைலுக்கு முன்பே புழுதி தெரியும். அந்தப் புழுதியைப் பார்த்துச் சொல்லும் அதிகாரம் எங்கள் பெரியப்பாவுக்கு. தாழ்வாக அகலமாக வந்தால் ஆட்டு மந்தை. எழுந்து நின்று காட்டுக்குள் இஷ்டத்துக்கு அலைந்தால் சுழிக்காற்று. ரோட்டை விடாமல் நீளமாக வந்தால் பஸ். பெரியப்பா நெற்றியில் கைவைத்துப் பார்த்து, "எந்திரிங்கப்பா" என்றால் வேப்பமரத்தடியில் இருக்கும் எல்லோரும் மூட்டையோடு எழுவார்கள். அவர் சொல்லாமல் ஒருவரும் ரோட்டைக்கூட எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

பஸ்ஸுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நேரமாகிவிட்டால் ஊருக்குள் வராமல், தூரத்தில் காட்டுக்கு அந்தப் பக்கம் கரிமூட்டை லாரிகள் ஓடும் குறுக்கு ரோட்டிலேயே போய்விடும். அங்கே புழுதி பறந்தால் அன்றைக்கு எங்களுக்கு டவுன் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. கடற்கரையில் புயலைக் கண்காணிக்கும் ராடார் நிலையம் ஒன்றில் டெக்னீஷியன் வேலைக்கு, மதுரையில் இன்டர்வியூ. பெரியப்பா கடிதத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "கரண்டு வேலைக்குப் பொட்டப்பிள்ளைய அனுப்பப் போறியாக்கும்?" என்று அப்பாவிடம் கேட்டார். அண்ணன் பேச்சை மீறிப் பழக்கமில்லாத அப்பா நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார். "அன்னைக்கு பஸ்ஸு கெடச்சா போகட்டும்ணே. கெடைக்கலேன்னா சாமிக்கே இஷ்டமில்லன்னு இருந்துக்கிருவோம்." மூன்று வருடப் படிப்பைக் கொண்டுபோய் ஒரு பஸ்ஸின் டயரில் கட்டிவிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆனாலும் சரி என்றேன்.

அன்று காலை விடிந்ததுமே ஸ்டாப்புக்கு வந்துவிட்டோம். என் பை அப்பா கையில். பக்கத்தில் மிளகாய் வத்தல் மூட்டையோடு ஓர் அக்கா, இன்னும் ஏழெட்டுப் பேர். வெகுநேரம் கழித்துப் பெரியப்பா நெற்றியிலிருந்து கையை எடுத்தார்.

"குறுக்கு ரோட்டுல போயிருச்சுப்பா. இனிமே வராது. வீட்டுக்குப் போங்க."

ஒவ்வொருவராக எழுந்து சேலையையும் வேட்டியையும் தட்டிக்கொண்டு மெல்ல நடந்தார்கள். அப்பாவும் பையோடு திரும்பினார். "வா தாயி. நமக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்."

நான் போகவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் புழுதியை நானே பார்த்தேன். குறுக்கு ரோட்டில், இரட்டைப் பனைக்கு நேராக இருந்தது. அறுபது எண்ணினேன். பாலத்துக்கு வந்திருந்தது. இதே வேகத்தில் இன்னொரு அறுபதில் அந்த ரோட்டிலிருக்கும் கோயில் ஸ்டாப்பில் இருக்கும். பஸ் என்றால் அங்கே நிற்கும், அங்கே எப்போதும் நாலு பேர் ஏறுவார்கள். நின்றால் புழுதி அடங்கும், அடுத்த அறுபதிலும் கோயிலை விட்டு அதிகம் நகர்ந்திருக்காது. இவ்வளவையும் முதலிலேயே மனதில் எழுதிவைத்துக்கொண்டு மறுபடி எண்ணினேன். புழுதி கோயிலுக்கு வந்தது. அடங்கவில்லை. அடுத்த அறுபதில் கோயிலைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது.

"அது பஸ்ஸு இல்ல," என்றேன். "கரிமூட்டை லோடு ஏத்துன லாரி."

எல்லோரையும் கிளப்பிவிட்டு அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்த பெரியப்பா நின்றார். "முப்பது வருசமா பாக்குறேன். எனக்கே சொல்லித்தாறியா?"

"கோயில்ல நிக்காம எந்த பஸ்ஸு போச்சு பெரியப்பா? நீங்க ஒரு தடவ பாத்தீக. நான் அதுக்கப்பறம் மூணு தடவ பாத்தேன்."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார், அப்பா தரையைப் பார்த்தார். நான் பையை அப்பா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். "நீங்க போங்கப்பா. பஸ்ஸு வரலேன்னா நானே வீட்டுக்கு வாரேன்."

அது பஸ் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பஸ் எங்கேயாவது பிரேக்டவுனாகிக் கிடந்தால்? லாரியை லாரி என்று சரியாகச் சொன்னதற்காக யாரும் வேலை தரப்போவதில்லை. அப்பா வீட்டுக்கும் போகாமல் என் பக்கத்திலும் வராமல் நடுரோட்டில் நின்றார். பெரியப்பாவின் முதுகு தெருமுனையை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது எங்கள் ரோட்டில், கண்மாய்க் கரையை ஒட்டிப் புழுதி எழுந்தது. நான் மூன்று தடவை பார்த்து முடிப்பதற்குள் ஹாரனே கேட்டுவிட்டது. "ஏலே, பஸ்ஸுடா! ஓடியாங்க!" என்று அப்பா ஊரைப் பார்த்துக் கத்தினார். வத்தல் மூட்டை அக்கா ஓடிவந்து ஏறினார். பெரியப்பா திரும்பிப் பார்க்கவேயில்லை.

மதுரையில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் தெரிகிற புள்ளி நிஜமா பொய்யா என்று எப்படி முடிவு செய்வீர்கள் என்று ஒருவர் கேட்டார். நான் காலையில் நடந்ததைச் சொன்னேன். இன்னொருவர் சிரித்தார். "பஸ் கதை இருக்கட்டும்மா, தியரியைச் சொல்லுங்க."

"இதுதான் சார் தியரி. பார்க்கணும். அடுத்து எங்க இருக்கும்னு முன்கூட்டியே சொல்லணும். மறுபடி பார்க்கணும். சொன்னதுக்கும் பார்த்ததுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருந்தா கணக்கைத் திருத்திக்கிட்டுத் தொடரணும். ரொம்ப வித்தியாசம் இருந்தா, அது நாம நினைச்ச பொருளே இல்ல."

சிரித்தவர் பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். வேலை கிடைத்தது.

பெரியப்பா அன்று ஏமாந்துதான் போனாரா, வேண்டுமென்றே சொன்னாரா என்று எனக்கு இதுவரை தெரியாது. அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் வேலையில் இரண்டையும் ஒரே மாதிரிதான் நடத்துவோம். சொன்னது யாராக இருந்தாலும் மறுபடி பார்ப்போம்.

முதல் லீவு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய காலையிலும் அதே வேப்பமரம், அதே கூட்டம். பெரியப்பா நெற்றியில் கைவைத்து நின்றார். தூரத்தில் புழுதி. "மந்தை. இருங்க," என்றார். ஒருவரும் எழவில்லை, ஆனால் ஒருவரும் அவரைப் பார்க்கவும் இல்லை. வத்தல் மூட்டை அக்கா என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"தாயி, நீ சொல்லு. அது பஸ்ஸா?"

பெரியப்பாவின் காதில் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"என்னைக் கேக்காதீகக்கா. எந்திரிச்சு நீங்களே பாருங்க. மூணு தடவ பாருங்க."